தூரத்தை முதல்ல முடிவு பண்ணுங்க, ரைஃபிளை அப்புறம் வாங்கலாம்

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்தது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

ஆத்தூர்ல இருந்து பேசறேன். வெளியே மழை தூறிக்கிட்டிருக்கு. நடுவுல தகரக் கூரைச் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஆனா அது என்னை நாலு நாள் தூங்க விடலை. அதனால முழு எபிசோடும் அதுக்கே.

வந்த கேள்வி

கேட்டவர் நம்ம தலைவாசல் பக்கத்துத் தம்பி. நியூசிலாந்து தெற்குத் தீவுல குடும்பத்தோட இருக்கார். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, போன வருஷத்துல இருந்து மான் வேட்டைக்குப் போறார். அவர் அனுப்பின குரல் பதிவைச் சுருக்கிச் சொல்றேன்.

"ஐயா, இதுவரைக்கும் நண்பரோட .308 ரைஃபிளைத்தான் எடுத்துட்டுப் போனேன். போன மாசம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மான் நின்னுச்சு. ரேஞ்ச்ஃபைண்டர்ல பார்த்தேன், 380 மீட்டர். ஸ்கோப்ல தூரத்துக்குத் தகுந்த மாதிரி திருகி வச்சு, தோள்பட்டைக்குப் பின்னாடி குறி வச்சு அடிச்சேன். அடி பட்டது தெரிஞ்சுது. ஆனா விழலை, புதருக்குள்ள போயிடுச்சு. ரெண்டு மணி நேரம் தேடினோம். கல்லு மேல ரத்தம் இருந்துச்சு, அதுல பச்சையா ஏதோ கலந்திருந்துச்சு. இருட்டிடுச்சு, திரும்பிட்டோம். மறுநாள் போயும் கிடைக்கலை. இன்னும் தூரமா, இன்னும் பலமா அடிக்கிற ரைஃபிள் சொந்தமா வாங்கணும்னு இருக்கேன். .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கட்டுமா, 6.5 க்ரீட்மூர் வாங்கட்டுமா? எந்தக் கம்பெனி நல்லது?"

தம்பி, பதில் சொல்றேன். ஆனா நீங்க கேட்ட வரிசையில சொல்ல மாட்டேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், புதுசா கேட்கிறவங்களுக்காக. நான் வேட்டைக்காரன் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல கிளப்ல 50 மீட்டர் .22 ரைஃபிள் சுடறவன். காகிதத்தைத் தவிர வேற எதையும் சுட்டதில்லை. நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைங்கிறது குற்றம். அதை மனசுல வச்சுக்கிட்டு இதைக் கேளுங்க. நியூசிலாந்து கதை வேற. அங்கே வௌவாலைத் தவிர தரையில வாழுற பாலூட்டி எதுவும் ஆதியில கிடையாது. மானெல்லாம் 19ஆம் நூற்றாண்டுல இருந்து வெள்ளைக்காரங்க கொண்டுபோய் விட்டது. அது பெருகிக் காட்டையே மேய்ஞ்சதால, அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுத்துச் சுடச் சொல்லுது. ஆக, தம்பி பண்ணினது சட்டப்படி சரி. அந்த மான் என்ன ஆச்சுங்கிறதுதான் கேள்வி.

எங்க தாத்தாவோட .315

எங்க பூர்வீகம் கல்வராயன் மலை அடிவாரம். 1969ல எனக்கு எட்டு வயசு. தாத்தாகிட்ட பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கின .315 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒண்ணு இருந்துச்சு. அந்த நம்பருக்கே ஒரு கதை இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல ராணுவத்தோட .303 தோட்டாவைப் பொதுஜனம் வச்சுக்கக் கூடாதுன்னு விதி. ராணுவத் தோட்டா வெளியே களவு போனா யாருக்கும் உபயோகப்படக் கூடாதுங்கிற கணக்கு. அதனால அதே லீ என்ஃபீல்டு ரைஃபிளோட உடம்பை வச்சுக்கிட்டு, தோட்டாவை மட்டும் மாத்தி .315ன்னு செஞ்சாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் வங்காளத்துல இச்சாபூர் ரைஃபிள் ஃபேக்டரி அதைச் செஞ்சுக்கிட்டே வந்துச்சு. நம்ம ஊர்ல லைசென்ஸ்காரங்க கையில ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இருந்தா, பெரும்பாலும் அது இதுவாத்தான் இருக்கும். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்குவாங்களே, அதேதான்.

அந்தத் தோட்டா கனமானது, மெதுவானது. கிட்டத்துல பலமா அடிக்கும். தூரம் போகப் போகத் தொங்கிடும். தாத்தாவுக்கு அது தெரியும். கடலைக்காட்டுல பரண் போட்டு உட்காருவார். பன்னி முப்பது நாப்பது அடி எட்டுக்குள்ள வந்தாத்தான் சுடுவார்.

ஒரு நிலா ராத்திரி. சொந்தக்காரர் ஒருத்தர் விருந்தாளியா வந்து கூடப் பரண்ல உட்கார்ந்திருந்தார். பன்னி ஏரிக்கரை ஓரமாவே மேய்ஞ்சுக்கிட்டு நின்னுச்சு, கிட்ட வரலை. நூத்தம்பது எட்டு இருக்கும். "என்னங்க மாமா, கையில ரைஃபிளை வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருக்கீங்க"ன்னு அவர் உசுப்பிவிட, தாத்தா சுட்டுட்டார். பன்னி ஒரு கத்துக் கத்திக் கரையைத் தாண்டிக் கள்ளிப் புதருக்குள்ள போயிடுச்சு. ராத்திரியில தேடப் போகக் கூடாதுன்னு விட்டுட்டாங்க. அதுவரைக்கும் சரி. ஆனா விடியக்காலைல யார் யார் அந்தப் பக்கம் போவாங்கன்னு யாரும் யோசிக்கலை.

எங்க பண்ணையத்துல வேலை செஞ்சவர் ஒருத்தர், மடை திருப்ப மம்பட்டியோட போனார். வயித்துல குண்டு பட்ட பன்னி புதருக்குள்ளேயே படுத்திருந்துச்சு. தொடையைக் கிழிச்சுடுச்சு. வண்டியில போட்டு ஆத்தூருக்குக் கொண்டுவந்து வைத்தியம் பார்த்துப் பிழைச்சார். ஆனா கடைசி வரைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். பொங்கலுக்குப் பொங்கல் எங்க வீட்டுக்கு வருவார். தாத்தா அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் தாத்தா ஒரு காரியம் பண்ணினார். பரணைச் சுத்தி நாப்பது எட்டுல முளைக்குச்சி அடிச்சு, ஒவ்வொண்ணுலயும் வெள்ளைத் துணி கட்டினார். நிலா வெளிச்சத்துல தெரியும். துணிக்கு அந்தப் பக்கம் எது நின்னாலும், எவ்வளவு பெருசா நின்னாலும், ரைஃபிளைத் தொட மாட்டார். கடலை போனாப் போகுதும்பார்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஜிம் கார்பெட் 1907ல குமாவுன்ல சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்னதா கணக்கு. அது செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதி உடைஞ்சிருந்துச்சு, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமத்தான் அது மனுஷனைத் தேடி வந்துச்சுன்னு எழுதினார். நம்ம பக்கத்துல, பழைய சேலம் ஜில்லாவுல சேர்ந்திருந்த ஜவளகிரிக் காட்டுப் பெண்புலியைப் பத்தி கென்னத் ஆண்டர்சன் எழுதினதும் இதே மாதிரிதான். குண்டுக் காயத்தோட தப்பின பிறகுதான் அது ஆட்கொல்லி ஆச்சு. எவனோ ஒருத்தன் தூரத்துல நின்னு அரைகுறையா அடிச்சதுக்கு, அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்க்காரங்க விலை கொடுத்தாங்க.

நியூசிலாந்துல மான் யாரையும் வந்து கிழிக்காது. அந்த மான் மட்டும் அவஸ்தைப்பட்டுச் சாகும், அவ்வளவுதான். நம்மளை யாரும் கேட்கப் போறதில்லை. அதனாலதான் நாமளே கேட்டுக்க வேண்டியிருக்கு.

தாழ்ப்பாள் வேலை

சரி, ரைஃபிளுக்கு வருவோம். போல்ட்னா என்ன? நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்தான். கைப்பிடியைத் தூக்கறோம், பின்னாடி இழுக்கறோம், பழைய தோட்டாக் கூடு வெளியே விழுது. முன்னாடி தள்ளறோம், புதுத் தோட்டா உள்ளே போகுது. கைப்பிடியைக் கீழே மடக்கறோம், பூட்டிக்குது. தோட்டாவுக்குப் பின்னாடி இரும்பு கெட்டியா பூட்டி நிக்கிறதாலயும், சுடும்போது உள்ளே ஆடுற பாகம் குறைவுங்கிறதாலயும் குறி நல்லா நிக்கும். 1898ல ஜெர்மனியில மௌசர் செஞ்சதுதான் இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலான வேட்டை ரைஃபிள்களுக்குப் பாட்டன். கார்பெட்டுக்குப் பரிசா வந்த .275 ரிக்பியும் மௌசர் வகைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கின 50 மீட்டர் போட்டியிலயும் போல்ட் வகை ரைஃபிள்கள்தான் வழக்கம்.

நியூசிலாந்துல 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்கு அப்புறம் தானியங்கி மறுநிரப்பு ரைஃபிள்களைப் பெரும்பாலும் தடை பண்ணிட்டாங்க. ஆக உங்களுக்குப் போல்ட் ஆக்‌ஷன்தான், அதுல குழப்பம் இல்லை. இன்னொரு நல்லதும் இருக்கு. அடுத்த குண்டுக்கு நாமளே கையால இழுத்துத் தள்ளணும். அதனால முதல் குண்டை யோசிச்சுப் போடற பழக்கம் வரும்.

380 மீட்டர்ல என்ன நடந்துச்சு

தம்பி, உங்க ரத்தத் தடயத்துல பச்சை கலந்திருந்துச்சுன்னு சொன்னீங்க. அது குடல், இரைப்பை. நுரையீரல்ல பட்டிருந்தா வெளிர் சிவப்பா நுரை கட்டியிருக்கும், மானும் நூறு மீட்டருக்குள்ள விழுந்திருக்கும். கல்லீரல்ல பட்டிருந்தா ரத்தம் கருஞ்சிவப்பா இருக்கும். பச்சைன்னா குண்டு நீங்க குறி வச்ச இடத்துல இருந்து பின்னாடி தள்ளிப் போயிருக்கு. மேலேயோ கீழேயோ இல்லை, பக்கவாட்டுல.

ஏன்? 200 மீட்டருக்குச் சரியா நிறுத்தி வச்ச ஒரு சாதாரண .308ஐ எடுத்துக்குவோம். கணக்கை நம்ம அளவுல சொல்றேன். 300 மீட்டர்ல குண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல இறங்கும். 400 மீட்டர்ல ஏறத்தாழ ரெண்டு முழம். 500 மீட்டர்ல ஒரு ஆள் உயரம். பயமா இருக்கா? ஆனா இதுல பயப்பட ஒண்ணுமில்லை. பூமி இழுக்கிறது என்னைக்கும் ஒரே மாதிரிதான் இழுக்கும். தூரம் தெரிஞ்சா கணக்குப் போட்டுத் திருகிடலாம். நீங்க அதைச் சரியாப் பண்ணியிருக்கீங்க.

காத்து அப்படி இல்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல குறுக்குக் காத்து அடிச்சா, .308 குண்டு 400 மீட்டர்ல ஏறத்தாழ ஒரு முழம் பக்கவாட்டுல நகரும். பதினஞ்சு கிலோமீட்டர்ங்கிறது பெரிய காத்தே இல்லை, கொடியில காயுற வேட்டி ஆடுற அளவுதான். நீங்க நின்ன இடத்துல காத்து இல்லாம இருந்திருக்கலாம். ஆனா நடுவுல பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குல காத்து ஆறு மாதிரி ஓடும், உங்க கன்னத்துல படாது. தோள்பட்டைக்குப் பின்னாடி குறி வச்ச குண்டு, ஒரு முழம் பின்னாடி போனா எங்கே போகும்? வயித்துக்குத்தான்.

இன்னொண்ணு, குண்டு 400 மீட்டர் போக அரை விநாடிக்கு மேல ஆகும். நீங்க விசையை அழுத்தின பிறகு மான் ஒரே ஒரு எட்டு எடுத்து வச்சாலும் கதை மாறிடும். இதுக்கு எந்த ஸ்கோப்லயும் திருகு கிடையாது.

இப்ப உங்க கேள்விக்கு வாங்க. .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு முழம் நகர வேண்டியது முக்கால் முழம் நகரும். 6.5 க்ரீட்மூர்லயும் ஏறக்குறைய அதேதான். முக்கால் முழம் நகர்ந்தாலும் நுரையீரல்ல படாது, தம்பி. ரைஃபிளை மாத்தினதால அந்த மான் விழுந்திருக்காது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

எந்தத் தோட்டா

சரி, இருந்தாலும் சொந்தமா ஒண்ணு வாங்கத்தானே போறீங்க. நியாயமான ஆசை. சொல்றேன்.

பெரிய மேக்னம் வேண்டாம். காரணம் உதை. ஒரே எடை ரைஃபிள்ல, 6.5 க்ரீட்மூர் தோள்ல கொடுக்கிற உதையைவிட .300 வின்செஸ்டர் மேக்னம் ரெண்டு மடங்கு கொடுக்கும். ரெண்டு மடங்கு உதை வாங்கினா உடம்பு கத்துக்கும். எதைக் கத்துக்கும்னா, விசையை அழுத்தறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கக் கத்துக்கும், தோளை இழுத்துக்கக் கத்துக்கும். கிளப்ல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். அவங்களுக்கே தெரியாது. ரேஞ்ச்ல அவங்க பார்க்காதப்ப காலித் தோட்டா ஒண்ணைப் போட்டுக் கொடுப்போம். சத்தமே வராது, ஆனா குழல் ஒரு குதி குதிக்கும். பயந்த தோள் குதிச்சது அது. விலையும் இருக்கு. மேக்னம் தோட்டா விலை அதிகம், அதனாலேயே பழக மாட்டீங்க.

உங்களுக்கு ஏத்தது மூணு. ஏற்கெனவே பழகின .308, அதோட தம்பி மாதிரியான 7 எம்.எம். 08, அப்புறம் 6.5 க்ரீட்மூர். .308 1952ல வந்தது, எந்தச் சின்ன ஊர்க் கடையிலயும் கிடைக்கும். 6.5 க்ரீட்மூர் 2007ல போட்டிக்காரங்களுக்காகச் செஞ்சது. குண்டு மெலிஞ்சு நீளமா இருக்கும், காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும், உதை குறைவு. அதைத் தேர்ந்தெடுத்தா நான் குறை சொல்ல மாட்டேன்.

குழலுக்குள்ள வரி இருக்குமே, அது எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னு பார்த்துக்குங்க. குண்டு பம்பரம் மாதிரி. சுழற்சி குறைஞ்சா தள்ளாடும். நீளக் குண்டுக்கு வேகமான சுழற்சி வேணும். 6.5 க்ரீட்மூருக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுத்து வழக்கம்.

இன்னொரு விஷயம் கடைக்காரர் தானா சொல்ல மாட்டார். வேட்டைக் குண்டு உடம்புக்குள்ள போனதும் விரியணும், அப்பத்தான் மான் சட்டுன்னு விழும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் விநாடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் வேகத்துக்குக் கீழே போயிட்டா சரியா விரியாது. ஊசி மாதிரி ஓட்டை போட்டுட்டு வெளியே போயிடும். .308ல 400 மீட்டரைத் தாண்டும்போது அந்த எல்லைக்குப் பக்கத்துல வந்துடறோம். நீங்க வாங்கற குண்டுக்கு அந்த எல்லை வேகம் என்னன்னு அந்தக் கம்பெனிக்காரங்களே சொல்லியிருப்பாங்க. தேடிப் படிங்க.

கையில எடுத்துப் பார்க்கும்போது

கம்பெனி பேர் கேட்டீங்க. பின்லாந்து டிக்கா டி3எக்ஸ், ஜப்பான் ஹோவா 1500 ரெண்டும் உங்க ஊர்ல நிறையப் பேர் வச்சிருக்கிறது. ரெண்டுமே விலைக்கு மீறின வேலை செய்யும். இதுல எது உசத்தின்னு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. உங்க உடம்புக்கு எது பொருந்துதுன்னு பாருங்க.

எப்படிப் பார்க்கிறது? போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லைன்னு கண்ணால பார்த்து, விரலாலயும் தொட்டுப் பார்த்துக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டு போங்க. கண்ணைத் திறங்க. ஸ்கோப் முழுவட்டமா, கறுப்பு நிழல் இல்லாமத் தெரியுதா? கழுத்தை நீட்டவோ குனியவோ வேண்டியிருந்தா அது உங்களுக்குத் தைச்ச சட்டை இல்லை. அங்கே விக்கிற ரைஃபிள் பலதும் நம்மளைவிட நீளக் கைக்காரங்களுக்குச் செஞ்சது. கட்டையோட அடிப்பாகத்தை முழங்கை மடிப்புல வச்சுப் பார்த்தா, ஆள்காட்டி விரலோட முதல் கணு விசைக்கு எட்டணும்.

விசை ஒரு கிலோவுல இருந்து ஒன்றரைக் கிலோ இழுப்புக்குள்ள, கண்ணாடிக் குச்சி ஒடியற மாதிரி சுத்தமா விடணும். எடை, ஸ்கோப் இல்லாம மூணு கிலோவை ஒட்டி இருக்கட்டும். ரொம்ப லேசா வாங்கினா தூக்க சுகம், சுடும்போது துள்ளும். அங்கே மழையும் ஈரமும் அதிகம், அதனால துருப்பிடிக்காத எஃகுக் குழல், பிளாஸ்டிக் கட்டை. மரக்கட்டை அழகுதான், ஆனா ஈரத்துல ஊறி உப்பினா குழலைத் தொட்டுக்கிட்டுக் குறியை மாத்திடும்.

பணத்தைப் பாதிப் பாதியாப் பிரிங்க. ரைஃபிளுக்குப் பாதி, ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கிற வளையத்துக்கும் பாதி. குறி மாறிடுச்சுன்னு புலம்பறவங்க ரைஃபிள்ல பாதிக்குப் பாதி வளையத்து ஸ்குரு லூசாத்தான் இருக்கும். பைனாகுலர் தனியா வாங்குங்க. ரைஃபிள் ஸ்கோப்பைப் பைனாகுலரா உபயோகிக்கவே கூடாது. புதர்ல அசையறது மானா மனுஷனான்னு தெரியாதப்ப, துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கிறதே தப்பு. உங்க ஊரு பாதுகாப்பு விதியில சந்தேகத்துக்கு இடமில்லாம இலக்கை அடையாளம் காணணும்னு ஒண்ணு இருக்கே, அது அனுபவத்துல எழுதினது. தவறின குண்டு மூணு நாலு கிலோமீட்டர் கூடப் போகும். பின்னாடி மண்மேடு இல்லாத மானைச் சுடாதீங்க.

உங்க வெள்ளைத் துணி எங்கே

ரைஃபிள் வாங்கியாச்சு. மூணு கம்பெனித் தோட்டா ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்க. எது நெருக்கமா விழுதோ அதையே நூறு வாங்குங்க. அப்புறம்தான் நிஜப் பரீட்சை.

பெரிய சிவப்பு மானோட உயிர்நிலை 25 சென்டிமீட்டர் வட்டம் இருக்கும். நாம அதைவிடக் கண்டிப்பா இருப்போம். டிபன் தட்டு அளவுக்கு, 20 சென்டிமீட்டர்ல ஒரு காகிதத் தட்டு. நூறு மீட்டர்ல வைங்க. வீட்ல இருந்து போனதும், குழல் சூடாகறதுக்கு முன்னாடி, மேடு ஏறி மூச்சு வாங்கிக்கிட்டே, முதுகுப் பையை முட்டுக் கொடுத்துப் படுத்து, ஒரே ஒரு குண்டு. அன்னைக்குக் கணக்கு முடிஞ்சுது. மீதித் தோட்டாவை ஆசைக்குச் சுட்டுக்குங்க, கணக்குல சேராது. இப்படிப் பத்து வெவ்வேற நாள். காத்து இருக்கிற நாளும் போகணும். பத்துக்குப் பத்தும் தட்டுல விழுந்தா 150க்குப் போங்க. அப்புறம் 200, 250. எந்தத் தூரத்துல பத்துல ஒண்ணு தவறுதோ அதுக்கு முந்தின தூரம்தான் உங்க தூரம்.

நூறு மீட்டர்ல மூணு சென்டிமீட்டருக்குள்ள அடிக்கும்னு கம்பெனி உத்தரவாதம் கொடுக்குமே, அது மேஜையில மூட்டை வச்சுச் சுட்டது. 400 மீட்டர்ல அதுவே 12 சென்டிமீட்டர். மேஜை இல்லாம, மூச்சு வாங்கிக்கிட்டு, குளிர்ல விரல் மரத்துப்போய்ச் சுடும்போது அது மூணு மடங்கு ஆகும். தட்டு 20 சென்டிமீட்டர்தான்.

உங்க தூரம் 220 மீட்டர்னு வந்தா வெட்கப்படாதீங்க. அங்கே வெள்ளைத் துணியைக் கட்டுங்க. 380 மீட்டர்ல மான் நின்னா, இன்னும் 160 மீட்டர் நடந்து கிட்டப் போங்க. காத்துக்கு எதிர்ப் பக்கமா, மெதுவா. முடியலைன்னா பார்த்துட்டு வந்துடுங்க. தூர வேட்டைக்கு ரைஃபிள் கேட்டீங்க. நான் கிட்டப் போகச் சொல்றேன். ஏமாத்தமா இருக்கும்னு தெரியும்.

அப்படியும் ஒருநாள் தப்பாப் பட்டுட்டா, உடனே ஓடாதீங்க. மான் நின்ன இடத்தையும் மறைஞ்ச இடத்தையும் மனசுல குறிச்சுக்கிட்டு உட்காருங்க. வயித்துல பட்டிருக்குன்னு தெரிஞ்சா சில மணி நேரம் பொறுக்கணும். துரத்தினா அது இன்னும் தூரம் ஓடும். மோப்பம் பிடிக்கப் பழகின நாய் வச்சிருக்கிற ஒருத்தரோட நம்பர் உங்க போன்ல இருக்கட்டும். அன்னைக்கு இருந்திருந்தா அந்த மான் கிடைச்சிருக்கும்.

இங்கே இருக்கிறவங்களுக்கு

கடைசியா நம்ம ஊர்க்காரங்களுக்கு ரெண்டு வார்த்தை. மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டுட்டு ராத்திரி முழுக்கப் பன்னிக்குக் காவல் கிடக்கிறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும். 2025 தொடக்கத்துல அரசாங்கம் ஒரு முறை கொண்டுவந்துச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணைத் தாண்டினா, பயிற்சி பெற்ற வனத்துறைக்காரங்க மட்டும் சுடலாம். போதாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, அது தனியாப் பேச வேண்டியது. ஆனா பால்ரஸ் போட்ட நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய், கள்ளத்தனமா இழுத்த மின்வேலி, இது எதுலயும் கை வைக்காதீங்க. மூணுக்கும் ஒரே குணம்: அந்தப் பக்கம் யார் வருவாங்கன்னு அதுக்குத் தெரியாது. மடை திருப்பப் போறவர் வரலாம்.

தாத்தா போன பிறகு அப்பா அந்த லைசென்ஸைத் தன் பேருக்கு மாத்தலை. ரைஃபிளை முறைப்படி ஒப்படைச்சுட்டார். பரண் இருந்த இடத்துல இப்போ பாக்குத் தோப்பு. அந்த முளைக்குச்சி ஒண்ணு ரொம்ப நாள் வரப்புல நின்னுக்கிட்டிருந்துச்சு. துணி இத்துப் போயிடுச்சு, கட்டின நார் மட்டும் இருந்துச்சு.

தம்பி, தட்டு வச்சுப் பத்து நாள் சுட்டுப் பாருங்க. என்ன தூரம் வந்துச்சுன்னு எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்க. நூறுன்னு வந்தாலும் அனுப்புங்க, காத்துக்கிட்டிருக்கேன்.

மத்தவங்க கேள்வி இருந்தா வழக்கம்போல அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம். வரட்டுங்களா.